முனியசாமி அழவில்லை

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டேன். இப்போது நான் சொல்வதை நீ கேள். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே, "சரிங்கய்யா, டி.எஸ்.பி. கூப்பிடுறாக, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உன் தங்கை செல்வியை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற தமிழில் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் வசவு மட்டும்தான் மிஞ்சும் என்கிறாள். எழுதிக்கொள்ளட்டும். ஆனால் ஒவ்வொரு பத்தியையும் எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். படித்துக் காட்டாத காகிதத்தால் நான் பட்டது போதும். இதை உன்னைத் தவிர வேறு எவர் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. உன் ஸ்டேஷன் சுவரில் வேண்டுமானாலும் ஒட்டு.

நீ சொன்னது இதுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நம்மூர்க் கருவாட்டுக் கொட்டகையில் வியாபாரி சேதுராமனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அங்கே சுமை தூக்கிய முனியசாமிக்கு ஆயுள் தண்டனை ஆனது. கூட இருந்தான் என்று சொல்லப்பட்ட அவன் மச்சினன் வேலு, வெளிநாட்டுக்குப் போனவன், தாயார் சாவுக்கு வந்தபோது மதுரை விமான நிலையத்தில் பிடிபட்டுவிட்டான். அவன்மேல் தனியாக வழக்கு நடக்கிறது. பழைய சாட்சிகளைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். வருகிற புதன்கிழமை ராமநாதபுரம் கோர்ட்டில் நான் கூண்டில் ஏறவேண்டும். பழைய சாட்சியை மாற்றிச் சொல்லப்போகிறேன் என்று நான் சொன்னதும் நீ கண்டுபிடித்த வழி: "அய்யா, ஞாபகம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க வயசுக்கு யாரும் தோண்டித் தோண்டிக் கேக்க மாட்டாக. உங்களுக்கும் வம்பில்ல, எனக்கும் வம்பில்ல."

ஞாபகம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் கோர்ட்டு வாசலில் வெற்றிலை விற்கிறவள்கூடச் சிரிப்பாள். அந்த ஸ்டேஷன் சுவரை ஒட்டி முப்பத்தாறு வருடம் டீ ஆற்றியவன் நான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மறதி கட்டுப்படியாகாது. உங்களுக்கு நோட்டு இருக்கிறது, எனக்கு இந்த மண்டை மட்டும்தான். எந்த எஸ்.ஐ. வேலைக்கு வந்த முதல் நாள் எந்த பெஞ்சில் உட்கார்ந்தார், எந்தத் திருட்டுக்கு எத்தனை பேரைக் கூட்டிவந்தார்கள், அதில் யார் நடந்து திரும்பினான், யாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எல்லாம் இருக்கிறது. மாற்றலாகிப் போய்ப் பத்து வருடம் கழித்து வந்த ஏட்டையாவிடம், "உங்களுக்கு இஞ்சி ஆகாதுல்ல" என்று கேட்டவன். போன மாதம் மருந்துக்கடைக்காரப் பையல், "பெருசு, மறதிக்கு ஒரு மாத்திரை வந்திருக்கு, தரவா?" என்றான். "போன தடவ ஒரு அட்டையில மூணு மாத்திரை கொறச்சுக் குடுத்தேல்ல, மொதல்ல அதக் குடுலே" என்றேன். அவன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீ. இந்த ஒரு சொத்தைத்தான் நான் வைத்திருக்கிறேன். அது தொலைந்துபோய்விட்டது என்று சத்தியம் செய்யச் சொல்கிறாய்.

சரி, உனக்கு முழுவதும் தெரியாது. நீ அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அன்று உனக்குத் தெரிந்தது அய்யா கோர்ட்டில் பிரமாதமாகச் சாட்சி சொன்னார் என்பது மட்டும்தான். தெரியாததைச் சொல்கிறேன். மகஜர் என்றால் என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால், இன்ன இடத்தில், இன்னார் கண்ணெதிரே எடுத்தோம் என்று எழுதுகிற காகிதம் அது. அந்த இன்னார் வெளி ஆளாக இருக்கவேண்டும். கொலை கேசுக் காகிதத்தில் கைநாட்டு வைக்க எந்த வெளி ஆள் வருவான்? கோர்ட்டுக்கு அலையவேண்டும், எதிராளியின் பகை வேறு. ஆகவே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறவன் வருவான். அவனால் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. நம் பக்கத்தில் எந்த ஸ்டேஷனுக்கு வேண்டுமானாலும் போய்ப் பார், சுவரை ஒட்டி ஒரு டீக்கடை இருக்கும். அந்த டீக்கடைக்காரன் பார்க்காத கத்தி இருக்காது, பார்க்காத ரத்தச் சட்டை இருக்காது. கடையை விட்டு ஒரு நாளும் நகர்ந்திருக்கமாட்டான்.

முனியசாமி கத்தியை எடுத்துக் கொடுத்ததாகக் காகிதம் சொல்கிற நாளில் ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு திருவிழா. பஸ் பஸ்ஸாக ஆள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் பற்றவைத்த அடுப்பை நான் அணைக்கவில்லை. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரமுடியாது என்று உன் அம்மா தூக்குச்சட்டியில் நகரை மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். நின்றபடியே சாப்பிட்டேன். நாலு மணிக்கு ஏட்டையா வந்தார், கையில் காகிதமும் மை டப்பாவும்.

"ஏலே, கையத் தொடச்சுட்டு வா."

"என்ன பேப்பருங்கய்யா?"

"ராமநாதபுரம் அரமனைய ஒம்பேருக்கு எழுதி வைக்கிறாக. பெருவெரல நீட்டு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நாலு இடத்தில் அழுத்தினேன். பக்கத்து சைக்கிள் கடைக்காரர் கையெழுத்துப் போட்டார், அவருக்கு எழுதத் தெரியும், ஆனால் அவரும் படிக்கவில்லை. துணியில் மையைத் துடைத்துவிட்டு அடுத்த டீயை ஆற்றினேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு மனுஷனின் பதினேழு வருடத்தை வாங்கிக்கொள்ள எனக்கு ஒரு டீ ஆற்றுகிற நேரம்கூட ஆகவில்லை.

வழக்கு கோர்ட்டுக்கு வர இரண்டு வருடமானது. அதற்கு நாலு நாள் முன்னால் ஏட்டையா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திருப்புல்லாணி போகிற ரோட்டுக்குப் போனார். கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு சின்னப் பாலம். "பாத்துக்க. இங்கன ஜீப்பு நின்னுச்சு. அங்கன எறங்கினான். பாலத்துக்கு அடியில ரெண்டாவது குழாய்க்குள்ள கைய விட்டான். பனியன் துணியில சுத்தியிருந்துச்சு. திருப்பிச் சொல்லு" என்றார். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். இன்னும் கேட்டார், இன்னும் சொன்னேன். அவர் வண்டியில் சாய்ந்துகொண்டு, "ஒனக்கு மட்டும் படிப்பு வந்திருந்தா நீ கலெக்டருடா" என்றார். தம்பி, என்னை யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. டீ நல்லா இருக்கு என்பார்கள், சீக்கிரம் கொண்டா என்பார்கள். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் முகம் பார்த்தேன். மிரட்டினார்கள், பயந்தேன், கடையைக் காலிசெய்துவிடுவார்கள் என்று நினைத்தேன் என்றெல்லாம் இன்றைக்கு நான் சொல்லலாம். நீயும் நம்புவாய். அது உண்மையில்லை. என் புத்தியை ஒருவர் மெச்சினார், நான் மயங்கிப்போனேன்.

கோர்ட்டில் முனியசாமியின் வக்கீல் என்னை முக்கால் மணி நேரம் உலுக்கினார். "எழுதப் படிக்கத் தெரியாத உங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது எப்படி இவ்வளவு கச்சிதமா நினைவிருக்கு?" என்றார். "படிக்கத் தெரியாது சாமி, பாக்கத் தெரியும்" என்றேன். ஜட்ஜே சிரித்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்த அந்த வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார். "கத்திய எடுத்துக் குடுத்தப்ப எங்க கட்சிக்காரர் மூஞ்சி எப்படி இருந்துச்சு?" இதை ஏட்டையா சொல்லிக்கொடுக்கவில்லை. கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், ஒரு குறையும் வந்திருக்காது. நான் சொன்னேன்: "அழுதாருங்க. அழுதுக்கிட்டேதான் எடுத்துக் குடுத்தாரு." கூண்டில் தலைகுனிந்து நின்றிருந்த முனியசாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றைக் கேள்விப்பட்டவன் மாதிரி பார்த்தான்.

அன்று சாயங்காலம் நான் வீட்டில் இதை நடித்துக் காட்டினேன், உனக்கு நினைவிருக்கும். நீயும் செல்வியும் கைதட்டினீர்கள். நீங்கள் வெளியே போனபிறகு உன் அம்மா கேட்டதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. "அன்னைக்கு நீங்க கடையிலதான இருந்தீக? நாந்தான சோறு கொண்டாந்தேன்?" என்றாள். "ஒனக்கு இதெல்லாம் வெளங்காது, போயி வேலயப் பாரு" என்றேன். போய்விட்டாள். அதன்பிறகு அவள் சாகிற வரைக்கும் கடைக்குச் சோறு கொண்டுவரவில்லை. முட்டி வலி என்றாள். ஊரில் மற்ற எல்லா இடத்துக்கும் நடந்துதான் போனாள். காரணம் முட்டி இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அப்படியே இருந்துவிட்டோம்.

அந்தக் கேசை நடத்திய இன்ஸ்பெக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. நீ அவரைத் தகப்பன் மாதிரி நினைக்கிறாய். உன்னை ஓடவைத்து, பரீட்சைக்குப் படிக்கவைத்து, உனக்குக் காக்கியைப் போட்டுவிட்டவர் அவர். உன் கல்யாணத்தில் முதலில் அவர் காலில்தான் விழுந்தாய். நானும் தடுக்கவில்லை. "பெரிய சார் மனசு கஷ்டப்படும்யா" என்று போனில் சொன்னாய். படட்டும். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அதுதான் நீ விளங்கிக்கொள்ளவேண்டியது. சேதுராமன் செத்த மூன்று நாளும் அவர் தூங்கவில்லை, என் கடை பெஞ்சிலேயே சாய்ந்து கிடந்தார். வியாபாரிகள் கடையடைத்துவிட்டார்கள், மேலிடத்திலிருந்து மணிக்கொரு தரம் போன். முனியசாமிக்கும் சேதுராமனுக்கும் கூலித் தகராறு என்று ஒருவன் சொன்னான். அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். அதற்குப்பிறகு அவர் எதையும் தேடவில்லை, தெரிந்ததற்கு ஆதாரம் மட்டும் சேர்த்தார். அந்தக் கத்தி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொட்டகைக் கதவுப் பூட்டு உடையவே இல்லையே, சாவி யாரிடம் இருந்தது என்று பெஞ்சில் இருந்த ஒரு மீன்காரர் கேட்டார். "ஒங்கிட்ட கேட்டாங்களாய்யா, டீயக் குடி" என்றேன் நான். நானும் போலீஸ்காரன் ஆகிவிட்டேன் அல்லவா.

ஐந்து வருடத்துக்கு முன்னால் முனியசாமி வெளியே வந்தான். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், கடைக்கு முன்னால் வந்து நின்றான். முடி முழுக்க வெள்ளை. எனக்கு அடையாளம் தெரிந்தது, தெரியாமல் எப்படி இருக்கும்? ஒரு டீ கேட்டான். ஆற்றிக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தான், அவசரமில்லாமல் குடித்தான். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?" என்றான்.

"கேளுப்பா."

"நான் எப்பண்ணே அழுதேன்?"

நான் அடுப்பைத் தணித்தேன். அவனே சொன்னான். "உள்ள இருந்தப்ப இதையேதான் நெனப்பேன். அடிச்ச அடியில கத்தியிருக்கேன். ஒண்ணுக்குப் போயிருக்கேன். அழுதேனான்னு யோசிச்சுப் பாத்தேன். ஒருவேள எனக்குத்தான் மறந்துபோச்சோன்னு. அண்ணன் பொய் சொல்ல மாட்டாரேன்னு."

அதற்குமேல் தாங்காமல், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "முனியசாமி, நீ செஞ்சியாப்பா?"

அவன் சிரித்தான். "இந்தக் கேள்விய மொத மொத நீங்கதாண்ணே கேக்குறீக. எங்க வச்சிருக்கேன்னு கேட்டாக, கூட யாருன்னு கேட்டாக, ஏன்னு கேட்டாக. செஞ்சியான்னு ஒருத்தரும் கேக்கல" என்றான். செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. போய்விட்டான். இப்போது மண்டபம் பக்கம் ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்குகிறான் என்கிறார்கள். அந்த வாரமே கடையை மூடினேன். கண் தெரியவில்லை, அதனால் மூடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். நன்றாகத் தெரிகிறது.

சம்மன் வந்தபிறகு செல்வி கம்ப்யூட்டரில் தேடி, முனியசாமியின் அப்பீலில் ஐகோர்ட்டு சொன்ன தீர்ப்பை எடுத்துத் தமிழில் சொன்னாள். பெரிய பெரிய ஜட்ஜுமார் எழுதியிருக்கிறார்கள். இந்தச் சாட்சி எழுத்தறிவில்லாத எளிய மனிதர், குற்றம்சாட்டப்பட்டவர் அழுதுகொண்டே கத்தியை எடுத்துக் கொடுத்ததை இயல்பாகச் சொல்கிறார், நேரில் கண்டிராத ஒருவரால் இதைச் சொல்லியிருக்க முடியாது என்று. செல்வி படித்து முடித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். போலீஸ் சொல்லிக்கொடுத்த பொய் எல்லாம் ஒரு பக்கம், அந்த மனுஷனை உள்ளே தள்ளிப் பூட்டியது நானாகச் சொன்ன ஒரு பொய்.

இப்போது உனக்குக் கோபம் வந்திருக்கும். "அப்ப வேலுவை விட்டுரச் சொல்றீகளா?" என்பாய். இரு. அதையும் ஒருத்தி வந்து கேட்டுவிட்டுப் போனாள். முந்தாநாள் சேதுராமன் மனைவி பஞ்சவர்ணம் வீட்டுக்கு வந்தாள். நான் மாற்றிச் சொல்லப்போகிறேன் என்று எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க மாத்திச் சொன்னா, எங்க வீட்டுக்காரரக் கொன்னது யாருண்ணே?"

"தெரியலம்மா."

"இருவது வருசமா தெரிஞ்சிருந்துச்சே. அத வச்சுத்தான எம்மகளக் கட்டிக் குடுத்தேன், அத வச்சுத்தான தூங்குனேன். இப்ப வந்து தெரியலங்கிறீக."

செல்வி கொண்டுவந்த டீயைத் தொடாமல் போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஒங்க மகன் போலீசுதான? அவருகிட்டயாவது கேட்டுச் சொல்லுங்க" என்றாள். குத்தலாகச் சொன்னாளா, உண்மையிலேயே கேட்டாளா, எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று செல்வி சொல்கிறாள். முனியசாமிக்கு நான் செய்ததைவிட இவளுக்குச் செய்தது குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் இத்தனை நாளும். இல்லை. அவளுக்கு ஒரு பொய்யைக் கொடுத்து, உண்மையைத் தேடவிடாமல் செய்துவிட்டேன். அன்றைக்கே நான் கடையில்தான் இருந்தேன் என்று சொல்லியிருந்தால், அந்த இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை எழுந்து நடந்திருப்பார். சாவி யாரிடம் என்று கேட்டிருப்பார். வேலுதான் செய்தான் என்றால் அதற்கு உண்மையான சாட்சி கிடைத்திருக்கும். ரத்தம் காய்வதற்குள் தேடவேண்டியதை இருபத்திரண்டு வருடம் காயவிட்டோம்.

நீ போனில் இன்னொன்றும் சொன்னாய். அதற்குத்தான் எனக்கு நிஜமான கோபம். "எனக்கே இப்ப ஒரு கொலை கேசுல மகஜருக்கு ஆள் கெடைக்காம அலையிறேன்யா. எல்லா ஸ்டேஷன்லயும் இப்படித்தான். உங்க மாதிரி பாத்தா ஒரு கேசும் நிக்காது" என்றாய். இப்போது எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுக்கவேண்டும் என்று சட்டமாமே என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "எடுத்தத திருப்பி அங்கனயே வச்சு, மறுபடி எடுக்கச் சொல்லிப் படம் புடிச்சாப் போச்சு" என்றாய். நீ சிரித்தது எனக்கு அந்த ஏட்டையா சிரித்த மாதிரியே கேட்டது. ஏலே, நிற்காத கேசு விழட்டும். விழுந்தால் எழுந்து இன்னொரு தரம் தேடு. டீக்கடைக்காரன் பெருவிரலை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற கேசு நிற்கவில்லை, ஒருவன்மேல் விழுந்து கிடக்கிறது. உன் கண்ணுக்குத்தான் நிற்கிற மாதிரி தெரிகிறது.

உனக்கு இந்த வேலை தெரியாது என்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன். நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் காது நகைக்காக ஒரு கிழவியைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்களே, அதை நீதானே பிடித்தாய்? கத்திக்கொண்டிருந்த ஆட்டைக் கொல்லையில் கொண்டுபோய்க் கட்டியிருந்தான் கொன்றவன். எல்லோரும் பிணத்தைப் பார்த்தார்கள், நீ ஆட்டுக் கயிற்றைப் பார்த்தாய். வானம் பார்த்த பூமிக்காரன் எவனும் ஆட்டுக்கு அந்த முடிச்சுப் போடமாட்டான், அது படகைக் கட்டுகிற முடிச்சு என்று கடற்கரையில் வளர்ந்த உனக்குத் தெரிந்தது. சாவுக்கு வந்த சொந்தத்தில் கடலுக்குப் போகிறவன் யார் என்று விசாரித்தாய். ஒருவன் இருந்தான். அப்போதும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து அடிக்கவில்லை நீ. பதினோரு நாள் கண்டக்டரிடம், அடகுக் கடையில், அவன் படகில் கூடப் போனவர்களிடம் கேட்டுக் கேட்டு வந்தாய். கடைசியில் அவன் நகையைப் புதைத்த இடத்தைக் காட்டியபோது தெருவே பின்னால் வந்ததாகச் சொன்னாய். மகஜருக்கு ஆள் தேடினாயா? நான் நீ என்று முன்னால் வந்து கையெழுத்துப் போட்டார்கள். உண்மையாக எடுத்தால் சாட்சி தானே வரும், தம்பி. ஆள் கிடைக்கவில்லை என்று நீ இப்போது அலைகிறாய் என்றால், முதலில் உன் கேசைச் சந்தேகப்படு. நீ பிடித்துவைத்திருக்கிறவனிடம் ஒரு தடவை, நாற்காலி போட்டு உட்காரவைத்து, செய்தாயா என்று கேட்டாயா?

புதன்கிழமை நான் என்ன சொல்வேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை, உன் பெரிய சாரிடமும் படித்துக் காட்டு. இந்தக் கைநாட்டு உங்களுடையதா என்பார்கள். என்னுடையதுதான். கத்தியை எடுத்தபோது இருந்தீர்களா? இல்லை, கடையில் இருந்தேன், என் மனைவி சோறு கொண்டுவந்தாள், நகரை மீன் குழம்பு. முன்பு இருந்ததாகச் சொன்னீர்களே? பொய் சொன்னேன். யார் சொல்லச் சொன்னது? பேரைச் சொல்வேன், இடத்தையும் சொல்வேன், மோட்டார் சைக்கிள் நம்பரும் ஞாபகம் இருக்கிறது. அழுதார் என்று சொல்லிக்கொடுத்தது யார்? யாருமில்லை. அதை நானே சொன்னேன். அவன் அழவில்லை, நான் அவனை அங்கே பார்க்கவே இல்லை.

பொய்ச்சாட்சி என்று என்மேலேயே கேசு திரும்பும் என்று பயமுறுத்தினாய். திரும்பட்டும். செய்ததற்குத்தானே வருகிறது? எழுபத்தாறு வயதில் ஜெயிலில் என்னை வைத்து என்ன செய்வார்கள்? டீ போடச் சொல்வார்கள். உன் பிரமோஷன் நின்றுபோகும் என்கிறாய். போகலாம். "ஒங்க அய்யா பொய்ச்சாட்சியாமே" என்று உன் காது படப் பேசுவார்கள். ஆமாம் என்று சொல். குனிந்துகொண்டு சொல்லாதே, அவன் கண்ணைப் பார்த்துச் சொல். அப்புறம் பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போ. அவள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாததைக் கண்டுபிடிக்கிறதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். அது உன் ஸ்டேஷன் எல்லை இல்லை, பழைய கேசு, மேலதிகாரி உத்தரவு வேண்டும் என்று ஆயிரம் சொல்லலாம். போய் மனுக் கொடு, கேள், அலை. தரவில்லை என்றால், தரவில்லை என்று அவளிடம் நேரில் போய்ச் சொல். அவள் கொடுக்கிற டீயைக் குடி, கொடுத்தால்.

புதன்கிழமை ஜீப் அனுப்பாதே. போன தடவை ஜீப்பில்தான் கூட்டிப்போனார்கள். வழியில் இட்லி வாங்கிக் கொடுத்தார்கள், கோர்ட்டு வாசலில் ஏட்டையா என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டார். இந்தத் தடவை நானும் செல்வியும் ஏழேகால் பஸ்ஸில் போகிறோம். உட்கார இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே போவேன்.

உன் அய்யா